சென்னியம்மாள் வெறுங்கையோடு வருவாள்

கக்கூஸ் லாரிக்காரி சென்னியம்மாள் வேலைக்கு வரும்போது கையில் ஒரு துரும்பு இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும், குடை இருக்காது. பை கிடையாது, தண்ணீர் பாட்டில் கிடையாது. லாரியின் கதவைத் திறந்து இறங்குவாள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து வருவாள். "அள்ளறது பீ, வர்றது மகாராணியாட்டம்" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். ஆனால் அது திமிர் இல்லை. அது என்னவென்று சொல்ல எண்பத்து மூன்றாம் வருஷத்து மாரியம்மன் நோம்பிக்கு, அந்தத் திருவிழாவுக்குப் போக வேண்டும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆபீசில் அன்றைக்கு இருந்தவர்களின் சொந்தபந்தம் இன்றைக்கும் அங்கேதான் நடமாடுகிறது, நமக்கு எதற்கு வம்பு.

சென்னியம்மாள் காடு கழனியோடு பிறந்தவள், காடு கழனியோடு இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் சின்னுசாமி லாரி வைத்து ஓட்டினார். ஒருநாள் லோடு ஏற்றிப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், லாரி மட்டும் திரும்பி வந்தது. கிணறு வற்றிப்போன காலம் அது. கொழுந்தனார் மயில்சாமி லாரியை இரும்புக்குப் போட்டுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னார். இருந்தால் யார் சோறு போடுவது? அதை அவர் சொல்லவில்லை.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் அவளுடைய சித்தப்பா மகள் வீடு இருந்தது. ஒரு தரம் அங்கே போயிருந்தபோது ஒரு லாரி வந்து, குழாயைத் தொட்டிக்குள் விட்டு, பம்பைப் போட்டு, கக்கூஸ் தொட்டியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். ஒரு ஆள் உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவளுடைய ஊரில் மச்சு வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் தொட்டிக் கக்கூஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை எடுக்க பேரூராட்சியிடம் இருந்த ஒரே வண்டி வேப்பமரத்தடியில் துருப்பிடித்து, அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

நாமக்கல் பட்டறையில் லாரியின் பாடியைக் கழற்றிவிட்டு, பழைய ஆயில் டாங்கியை வைத்துக் கட்டி, பம்பு பூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். பேரூராட்சி நிர்வாக அதிகாரி, ஊரில் ஈ.ஓ. என்பார்கள், லைசன்ஸ் கொடுத்தார். ஊர் வீடுகளில் அவள் தொட்டி எடுக்கலாம். அதற்குப் பதிலாகப் பேரூராட்சிக் கக்கூஸ்களை அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சகதியைக் கரைக்கத் தண்ணீர் பேரூராட்சி கொடுக்கும். இந்தக் கடைசிச் சங்கதி மட்டும் வாய் வார்த்தை. அதுதான் வினை.

லாரி ஓட ஆரம்பித்ததும் ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் நின்றது. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், அவள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மயில்சாமி எதிரே வந்தால் துண்டை மூக்கில் வைத்துக்கொள்வார். ஆனால் அவருடைய காட்டுக்கு எரு வேண்டியிருந்தபோது மட்டும் ஆள் விட்டு, ரெண்டு லோடு கொட்டச் சொன்னார். சோற்றுக்கு வராத ஒறம்பரை, பீக்கு வந்தது. சென்னியம்மாள் சிரித்துக்கொண்டே கொட்டச் சொன்னாள்.

சிரித்தாளே தவிர, அவளுக்கு உள்ளூர ஒரு பயம் எப்போதும் இருந்தது. ஒரு தரம் பீ ஏற்றிய டாங்கியில் அப்புறம் வேறு எதையும் ஏற்ற முடியாது. லைசன்ஸ் போனால் லாரி வெறும் இரும்பு. லாரி போனால் அவள் மயில்சாமி வாசலில் போய் நிற்க வேண்டும்.

லாரியில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். டிரைவர் மருதாசலம், இளவட்டம், வாய் ஓயாது. இன்னொருவர் கண்ணுசாமி. பேரூராட்சியில் தினக்கூலிக்குக் குழியில் இறங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய தம்பி செங்கோடன் ஒரு குழிக்குள் போனவன், பொணமாகத்தான் வந்தான். கண்ணுசாமி வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அவர் அவளை ஆத்தா என்பார். அவர் கையில் எதையும் கொடுக்க மாட்டாள், கை படாமல் மேலேயிருந்து போடுவாள். ஊர் வழக்கம் அப்படி, அவளும் அந்த ஊர்க்காரிதானே.

வேலைக்குச் சேர்ந்த அன்று கண்ணுசாமி கூலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"குழிக்குள்ள எறங்கச் சொல்ல மாட்டீங்கள்ளங்க ஆத்தா?"

"அதுக்குத்தானப்பா பம்பு வாங்கியிருக்கறேன். எறங்கறதுக்கா இத்தன பாடு?" என்றாள் சென்னியம்மாள். அன்றைக்கு அவள் மனசார அதைச் சொன்னாள்.

நோம்பிக்குத் தேர் கட்டிக்கொண்டிருந்த சமயம், பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் தொட்டி பொங்கிவிட்டது. தேர் வரும் வீதி அதுதான். தண்ணீர் மூடியைத் தாண்டிச் சாக்கடையில் இறங்கி, பூக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலையில் லாரி வந்தது, பம்பு போட்டார்கள். மேலே நின்ற தண்ணீர் வந்தது. அப்புறம் குழாய் வெறும் காற்றை இழுத்தது. அடியில் வருஷக்கணக்கில் துணியும் மண்ணும் பாட்டிலும் சேர்ந்து சகதி கெட்டிப்பட்டுக் கிடந்தது. அது கிடக்கிறவரை தொட்டி இரண்டே நாளில் மறுபடி பொங்கும், அதுவும் நோம்பிக் கூட்டத்தில்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் அருணகிரி வேர்த்து விறுவிறுத்து நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. மேலே இருப்பவர் உதைத்தால் கீழே இருப்பவரைப் பார்க்கிற உத்தியோகம்.

"தண்ணி குடுங்க. ரெண்டு லோடு தண்ணி ஊத்தி மூங்கிலுட்டுக் கலக்குனா எல்லாம் வந்துரும்" என்றாள் சென்னியம்மாள்.

"ஏனுங்கம்மா, ஊரே குடிக்கத் தண்ணியில்லாம கொடத்த வெச்சுட்டு ரோட்ல நிக்குது. கக்கூசுக்குத் தண்ணி கேக்கறீங்களே! நோம்பிக்கு வந்த லோடு அது. ஈ.ஓ. தொடவே கூடாதுன்னுட்டாரு."

"அப்ப நோம்பி முடியட்டும்."

அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "முடியட்டும்னா முடிஞ்சே போயிரும்ங்க. தொட்டி எடுக்கற சேலத்துக்காரர் ஒருத்தர் ஈ.ஓ. ரூம்லயே உக்காந்திருக்கறாரு. ஆள எறக்கி ஒரே நாள்ல முடிச்சுத் தாரேங்கறாரு. பொழுதுக்குள்ள முடியலன்னா லைசன்சு அவருக்குப் போயிருமுங்க. ஆள எறக்குங்கம்மா, பழைய காலத்துல எறங்காததா?"

சென்னியம்மாள் தொட்டியைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். மயில்சாமியின் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் போய் லாரியின் பெட்டியைத் திறந்து அரிக்கேன் விளக்கை எடுத்தாள்.

இதைக் கிணற்றுக்காட்டுக்காரர்கள் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சீமையில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். அவளுடைய அப்பன் அப்படித்தான் செய்தார், அவருடைய அப்பனும் அப்படித்தான். செங்கோடன் செத்ததற்குக்கூட, விளக்கு இறக்கிப் பார்க்காத குறைதான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கிணறு வேறு, கக்கூஸ் தொட்டி வேறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணுசாமி விளக்கைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னுங்க ஆத்தா, வெளக்கு?"

"கெணத்துல பாப்பமில்ல, அதாட்டம் பாத்துக்கலாம் கண்ணுசாமி. அணஞ்சுதுன்னா வேண்டாம், கெளம்பிருவோம்."

"அணையாட்டிங்க?"

சென்னியம்மாள் தீக்குச்சியைக் கிழித்தாள். திரியை ஏற்றி, கயிற்றில் கட்டி, மூடி திறந்த ஓட்டை வழியாக விளக்கை இறக்கினாள். சுடர் படபடவென்று துடித்தது. அணைந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். அணையவில்லை. நேராக நிமிர்ந்து நின்று எரிந்தது. அதைப் பார்த்து அவள் நெஞ்சு லேசாயிற்று, அதைத்தான் அவளால் பிற்பாடு ஜீரணிக்க முடியவில்லை.

"எரியுதுங்க!" என்று அருணகிரி குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

கண்ணுசாமி சட்டையைக் கழற்றி மடித்து மருதாசலத்திடம் கொடுத்தார். "நீங்க சொன்னாச் செரிங்க ஆத்தா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சென்னியம்மாள் கிணற்றுக் கயிற்றை எடுத்து அவருடைய நெஞ்சைச் சுற்றித் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். அவரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்வது அவள் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் முடிச்சை இறுக்கினாள்.

உள்ளே இறங்கியவர் மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்தார். முதல் கூடை வந்தது. "இழுங்க" என்று சத்தம் கொடுத்தார். இரண்டாவது கூடை வந்தது. அவள் ஓட்டையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, எப்போது முடியும் எப்போது முடியும் என்று மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிச் சகதி உடைந்தால் அதன் அடியில் அடைபட்டுக் கிடந்த காற்று கிளம்பும் என்று விளக்கு சொல்லாது. விளக்குக்கு என்ன தெரியும், அது மேலே இருக்கிற காற்றைத்தான் சொன்னது.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"கண்ணுசாமி!"

பதில் இல்லை. கயிறு ஒரு வெட்டு வெட்டிக் கனத்தது.

"அய்யோ, கண்ணுசாமி!"

மருதாசலம் ஓட்டைக்குள் காலை விட்டுவிட்டான். சென்னியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பின்னாடியே எறங்குனவன் எவண்டா ஏறி வந்திருக்கறான்? கயித்தப் புடி!" இரண்டு பேரும் இழுத்தார்கள். உணர்வில்லாத உடம்பு, சகதியில் சிக்கிய கால், ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. அருணகிரி ஆபீஸ் போனுக்கு ஓடினார். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடத்தான் ஓடினார், ஆனால் பயந்து ஓடிவிட்டார் என்றுதான் ஊர் இன்றைக்கும் சொல்கிறது.

பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சனம். வெள்ளை வேட்டி, மஞ்சள் சேலை, நோம்பிக்கு வந்த சனம். எல்லார் மூக்கிலும் துணி.

"பாத்துட்டு நிக்கறீங்களே, மனுசந்தான உள்ள கெடக்கறான்! வந்து புடிங்க சாமி!"

ஒருவர் முன்னால் வந்தார். கயிற்றில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பின்னால் போய்விட்டார். அந்த ஆளை அவளுக்குத் தெரியும், அவர் வீட்டுத் தொட்டியையும் அவள் எடுத்திருக்கிறாள்.

அப்போதுதான் அவள் லாரியைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பன் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை அவள் ஓட்டியவள். மாடு சரிவில் இறங்க இறங்க, கயிறு உருண்டு, கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். மாட்டை விரட்டினால் சால் சுவரில் மோதிக் கிழியும்.

"மருதாசலம், கயித்த லாரிப் பின்னாடி கட்டு. முன்னுக்கு எடு. கவலை மாடு எறங்கறாப்புல போவணும், வண்டி உறுமுச்சுன்னா அவன் தல செதறிப் போயிரும். என் கையப் பாத்துட்டே ஓட்டு!"

லாரி நகர்ந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையை ஓட்டைக்குள் விட்டாள். கயிறு சிமெண்டு விளிம்பில் உரசி நார் நாராகப் பிரிந்தது. அறுந்துவிடாதே, அறுந்துவிடாதே என்று வாய்விட்டே சொன்னாள். முதலில் தலைமுடி கையில் பட்டது. இன்னொரு கையைத் தூக்கி மருதாசலத்துக்கு மெதுவாக என்று காட்டினாள். தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, விளிம்பில் மோதாமல் திருப்பி வெளியே எடுத்தாள். தோள் வந்தது, ஆள் வந்தார்.

முகம் நீலம் பாய்ந்திருந்தது. வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முதுகில் குத்தினாள். "வாப்பா, வந்துருப்பா" என்று அழுதாள். கண்ணுசாமியின் நெஞ்சு ஒரு தரம் விம்மி, கர்ரென்று ஒரு மூச்சு உள்ளே போனது.

கார்க்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. லாரியிலேயே, அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பிழைத்துக்கொண்டார். அது டாக்டர் புண்ணியம், மாரியம்மன் புண்ணியம், அந்தக் கயிற்றின் புண்ணியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மனைவி பாவாயி உட்கார்ந்திருந்தாள். சென்னியம்மாள் பக்கத்தில் போய் நின்றதும் எழுந்துகொண்டாள். சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சென்னியம்மாள் எதிர்பார்த்துத்தான் போனாள். பாவாயி மரியாதையாகத்தான் பேசினாள்.

"அவரு உங்ககிட்ட வந்ததே, குழிக்குள்ள எறங்க வேண்டியதில்லன்னுதானுங்க ஆத்தா."

முடிச்சுப் போட்ட தன் கையைச் சென்னியம்மாள் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஈ.ஓ.வும் அருணகிரியும் வந்தார்கள். ஈ.ஓ. அவளைத் தூணோரமாகக் கூப்பிட்டார். "விசாரணைன்னு வந்தா, குடிச்சிட்டுத் தவறி விழுந்துட்டான்னு சொல்லிடுங்கம்மா. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. லைசன்ஸ் உங்களுக்கேதான்."

லைசன்ஸ். லாரி. மயில்சாமியின் வாசல். எல்லாம் ஒரு பொய்யில் அடங்கியிருந்தது. பாவாயி தூரத்தில் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் குடிக்கலைங்க" என்றாள் சென்னியம்மாள், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. "நாந்தான் எறக்குனேன். தண்ணி குடுக்காம எறக்கச் சொன்னது நீங்க. ரெண்டும் நெசம். எவன் வந்து கேட்டாலும் ரெண்டையும் சொல்லுவேன்."

அருணகிரி தரையைப் பார்த்தார். லைசன்ஸ் போனது. சேலத்துக்காரர் வந்தார். லாரி அவள் வீட்டு வாசலில் நின்றது, மயில்சாமி வந்து இரும்பு விலை பேசிவிட்டுப் போனார். அவள் கழுத்திலும் காதிலும் கிடந்ததை விற்று, கண்ணுசாமி வீட்டு அடுப்பும் தன் வீட்டு அடுப்பும் எரிய வைத்தாள். விசாரணை வந்தது. சொன்னபடியே இரண்டையும் சொன்னாள். அவளுக்கு அபராதம் போட்டார்கள், ஈ.ஓ.வை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

சேலத்துக்காரருக்குக் குழியில் இறங்க ஆள் கிடைக்கவில்லை. நடந்தது குழி வேலைக்காரர்களின் எல்லாக் குடியிருப்புக்கும் தெரிந்திருந்தது. ஐப்பசி மழையில் தொட்டிகள் பொங்கி வீதியில் ஓட, அருணகிரி அவளுடைய வீட்டைத் தேடி வந்தார்.

"தண்ணி முதல்ல வரணும், ஆள் உள்ள எறங்கக் கூடாது. ரெண்டையும் எழுதி, புது ஈ.ஓ. கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. இல்லாட்டி மூடியத் தொடமாட்டேன்" என்றாள். கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார், பாவம்.

கண்ணுசாமியும் திரும்பி வந்தார். மூச்சு இழுக்கும், கனம் தூக்க முடியாது. பம்பு கைப்பிடியைப் பார்த்துக்கொள்வார். முதல் வேலை பள்ளிக்கூடத்துத் தொட்டி. தண்ணீர் லோடு முன்னாலேயே வந்து நின்றது. சென்னியம்மாள் அன்றைக்கு விடியலில் எழுந்து அவருக்கென்று சோறாக்கினாள். அவள் வீட்டுச் சோறு அதுவரை அவருக்குப் போனதில்லை. மேலேயிருந்து போடாமல் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள். தூக்குப்போசியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி, மூடியருகே நின்ற அவரை நோக்கி நடந்தாள்.

கண்ணுசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். அதில் அன்றைய விளக்காட்டம் ஏதோ தொங்குவதைப் பார்த்தார். முகம் செத்துப்போக, இரண்டு எட்டுப் பின்னால் போய் லாரிச் சக்கரத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

"சோறு கண்ணுசாமி. சோறுதான் கொண்டாந்தேன்."

"ஆமாங்க ஆத்தா, தெரியுதுங்க" என்று சிரித்தார். வாங்கியவர், போசியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

மறுநாளிலிருந்து அவருடைய சோற்றை மருதாசலம் கொண்டுவந்தான். சென்னியம்மாள் லாரியை விட்டு இறங்கும்போது, கண்ணுசாமிக்குத் தெரிகிற மாதிரி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருவாள்.